முதல் மாடல் கார் வாங்கப் போகிறீர்களா? கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்

என் முதல் மாடல் கார் 1:18 அளவு (இந்த எண்களின் கணக்கு படி 2ல்). நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து மயங்கி, அந்த மாதச் சம்பளத்தில் கால்வாசியைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை வைக்க இடமில்லை என்பது உறைத்தது. ஷோகேஸில் வைத்தால் கண்ணாடிக் கதவு மூடவில்லை. டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், அம்மா தூசி தட்டும்போது காரின் பக்கக் கண்ணாடி உடைந்துவிடும். கடைசியில் பெட்டியோடு பீரோ மேல் ஏறியது. இரண்டு மழைக்காலம் கழித்து இறக்கிப் பார்த்தால், கூரையில் வேர்க்குரு போட்டது மாதிரி பெயின்ட் பொரிந்திருந்தது.

ஏன் பொரிந்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. குழந்தை தரையில் ஓட்டி விளையாட வாங்குபவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. சேர்த்து வைக்கும் ஆசை வந்துவிட்ட பெரியவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: முதலில் காரை முடிவு செய்யுங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கம்பெனி மாடல் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு எந்தக் கார்?" நிறையப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. கண்ணில் பட்டதை வாங்க ஆரம்பித்து, ஆறு மாதத்தில் நாற்பது கார் சேர்ந்து, அதில் ஒன்றுகூட மனசுக்கு நெருக்கமாக இல்லாமல் மொத்தமாக விற்றுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கென்று ஒரு கதை இருக்கும் கார் எது என்று யோசியுங்கள். அப்பா ஓட்டியது, கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்தது, பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர் வந்து இறங்கியது, டிவியில் பந்தயம் பார்த்தபோது பிடித்துப்போனது, இப்படி ஏதாவது ஒன்று.

நம் ஊர்க் கார்களைத் தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தேடினால் அதிகம் கிடைக்காது. 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் தயாரான அந்தக் கார், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்த பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். ஆகவே டிரையம்ஃப் ஹெரால்டு என்று தேட வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பொம்மைக் கார் பிராண்டுகளான டிங்கியும் கார்கியும் அதை மாடலாகச் செய்திருக்கின்றன. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1968க்குப் பிறகு இங்கே வந்த மார்க் 3 ஹெரால்டுக்கு நாலு கதவு. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டுதான். தாத்தா வைத்திருந்தது நாலு கதவு வண்டி என்றால், கையில் வரும் மாடல் அச்சு அசலாக அதுவாக இருக்காது. அதேபோல அம்பாசடருக்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3, பிரீமியர் பத்மினிக்கு ஃபியட் 1100 என்றும் சேர்த்துத் தேடுங்கள். அம்பாசடர் டாக்ஸியாக 1:43 அளவில் வந்திருக்கிறது. பழைய பொருள் சந்தையில் அவ்வப்போது தலைகாட்டும்.

பந்தயப் பிரியர்களுக்கு வேறு வழி. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஓட்டிய மஞ்சள் நிற ஜோர்டான் அணிக் காரை, 19ஆம் எண்ணோடு, ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் 1:43ல் செய்தது. அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் டயர் தகராறால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினாரே, அந்தக் கார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அலமாரியில் அந்த ஒரு கார் நின்றால் போதும், வருகிறவர்கள் கேட்பார்கள், நீங்கள் அரை மணி நேரம் கதை சொல்லலாம்.

"பின்னால் விலை ஏறுமா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து முதல் காரோடு சேர்க்காதீர்கள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். பணம் பெருகத்தான் வேண்டும் என்றால் அதற்கு வங்கி இருக்கிறது.

படி 2: ஸ்கேலை எடுத்து அலமாரியை அளங்கள்

1:18 என்றால் நிஜக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு. அம்பாசடரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 1:18ல் 24 சென்டிமீட்டர், 1:24ல் 18, 1:43ல் 10, 1:64ல் 6.7 சென்டிமீட்டர் வரும். நியூஸ்பேப்பரில் இந்த நாலு நீளத்துக்கும் துண்டு வெட்டி, வைக்கப்போகும் இடத்தில் போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். நான் இதைச் செய்திருந்தால் பீரோ மேல் ஒரு பெட்டி ஏறியிருக்காது.

1:43 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று பலருக்குக் குழப்பம். அது பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம், தன் ரயில் செட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க 1930களில் சின்னச் சின்ன வண்டிகளைச் செய்தது. அவைதான் டிங்கி டாய்ஸ் ஆயின. அந்த ரயிலின் ஓ கேஜ் கணக்குப்படி, நிஜத்தின் ஒரு அடிக்கு மாடலில் 7 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் 43.5 வரும். ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் இதுதான் செல்ல அளவு.

1:64 விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹாட் வீல்ஸ் அட்டையில் 1:64 என்று போட்டிருந்தாலும் எல்லாமே அந்தக் கணக்கில் இருக்காது. எல்லா வண்டியும் ஒரே அளவு பிளிஸ்டருக்குள் (அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூடு), ஒரே டிராக்கில் அடங்க வேண்டும் என்பதால் லாரியைச் சுருக்கி, குட்டிக் காரைக் கொஞ்சம் பெருக்கி விடுவார்கள். மினி காரும் ஸ்கூல் பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மினி ஜிடி, டார்மாக் வொர்க்ஸ், இன்னோ64 மாதிரியான பிராண்டுகளுக்குப் போகிறார்கள்.

என் சிபாரிசு? முதல் கார் 1:64 அல்லது 1:43. சென்னை ஃபிளாட்டில் 1:18 சேர்ப்பது யானை வளர்ப்பது மாதிரி. ஒன்றோடு நிற்காது, நின்றாலும் தீனி போட வேண்டும். எந்த அளவை எடுத்தாலும் முதல் பத்துக் காரையாவது அதே அளவில் வாங்குங்கள். வெவ்வேறு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று இன்னொன்றைப் பொம்மையாக்கிவிடும்.

படி 3: எதனால் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டைகாஸ்ட் என்றால் உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பது. உலோகம் பெரும்பாலும் ஜமக். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களிலிருந்து முதல் எழுத்துகளை எடுத்து வைத்த பெயர் அது. கையில் எடுத்தால் ஜில்லென்று, கனமாக இருக்கும். கதவு, பானெட் திறக்கிற மாதிரி செய்ய முடியும்.

ரெசின் என்ற இறுகும் பிசினால் செய்த மாடல்கள் வேறு ஜாதி. ரப்பர் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக வார்ப்பதால் சில நூறு எண்ணிக்கையில்கூடச் செய்யலாம். அபூர்வமான கார்களெல்லாம் ரெசினில்தான் வரும். வடிவம் கூர்மையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் எதுவும் திறக்காது. சூட்டுக்குப் பயப்படும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெசின் மாடலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வளைந்துவிடும். ஆட்டோஆர்ட் மாதிரி சில பெரிய பிராண்டுகள் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கலந்த காம்போசிட் உடல் செய்கின்றன. லேசாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். கதவு இடுக்குகள் அதில் இன்னும் மெல்லிசாக வரும்.

டைகாஸ்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. சேகரிப்பாளர்கள் ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பொறை பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். இதற்கு வைத்தியம் கிடையாது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படிப் போயின. புதிய மாடல்களிலும் அரிதாக வருகிறது. ஆகவே பழைய கார் வாங்கும்போது பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி கோடு ஓடினால், கதவு முன்பு திறந்தது இப்போது இறுகிவிட்டது என்று விற்பவர் சொன்னால், அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தக் காரணத்தாலேயே பழைய பொம்மைகளை முதல் காராக நான் சொல்வதில்லை. டிங்கியின் அச்சுகள் 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் இங்கேயே கார்கள் தயாரானது போன்ற சுவாரசியமான கதைகளெல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஆனால் எது அசல் பெயின்ட், எது மறுபூச்சு, எது மாற்றிய டயர் என்று கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

படி 4: பட்ஜெட்

நான் இதை எழுதும்போது கடையில் பார்க்கும் விலையைத் தோராயமாகச் சொல்கிறேன். ஹாட் வீல்ஸின் சாதாரண வரிசையான மெயின்லைன் 150 முதல் 200 ரூபாய். அதே அளவில் ரப்பர் டயர், உலோக அடித்தட்டு வைத்த பிரீமியம் வரிசை அதைப்போல மூன்று நாலு மடங்கு. மினி ஜிடி வகையறா ஆயிரத்துக்கு மேல். 1:43 இரண்டாயிரத்திலிருந்து ஆரம்பம். 1:18ல் மைஸ்டோ, புராகோ மூவாயிரம் நாலாயிரத்தில் கிடைக்கும். ஆட்டோஆர்ட் பக்கம் போனால் ஐந்து இலக்கம்.

இங்கே விலை உறைப்பதற்குச் சுங்க வரியும் காரணம். பொம்மைகளுக்கான வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 2023ல் 70ஆகவும் உயர்ந்தது. சேகரிப்பு மாடலும் சுங்க வரிக் கணக்கில் பொம்மையோடுதான் சேரும்.

முதல் காருக்கு, தொலைந்தால் ஒரு வாரம் வருத்தப்படுவீர்கள், ஆனால் வீட்டில் சண்டை வராது என்ற அளவில் ஒரு தொகையை வையுங்கள். எனக்கு அது இரண்டாயிரம்.

படி 5: கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரே கார் நாலு தொங்குகிறது என்றால் நாலும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை வந்த மாதிரி. உதாரணத்துக்கு நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34ஐ எடுத்துக்கொள்வோம். 1:64ல் நிறையப் பேர் செய்திருக்கும், கடைகளில் சுலபமாகக் காணக் கிடைக்கும் கார் என்பதால் பழக நல்லது.

முதலில் பக்கவாட்டில், காரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா மாடலும் அழகுதான். பக்கவாட்டில்தான் குட்டு வெளிப்படும். நாலு சக்கரமும் தரையைத் தொடுகிறதா? ஒன்று அந்தரத்தில் நிற்கிறதா? சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? நிஜ ஆர்34 தரையோடு ஒட்டி நிற்கும். மாடலில் ஜீப் மாதிரி தூக்கி நின்றால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் முகம் மாறிப்போகும். சேகரிப்பாளர்கள் இதை ஸ்டான்ஸ் என்பார்கள். விலை குறைந்த மாடலில் முதலில் பறிபோவது இதுதான்.

அடுத்தது கதவுக் கோடுகள். பெயின்ட் தடிமனாக அடித்திருந்தால் கோடு நிரம்பி மழுங்கிப் போயிருக்கும். திறக்கும் கதவு என்றால் இடுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் கதவே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். 1:64ல் கதவு திறந்தால் இடுக்கு பெரிதாகி, கார் மூடாத பெட்டி மாதிரி தெரியும்.

இப்போது பின்பக்கம். ஆர்34க்கு நாலு வட்ட விளக்குகள்தான் அடையாளம். மெயின்லைன் காரில் அவை சிவப்பு வட்டமாக அச்சடித்ததாக இருக்கும். பெயின்ட்டுக்கு மேல் ரப்பர் முத்திரை வைத்து ஒற்றுவது மாதிரியான முறை, பெயர் டாம்போ. வட்டம் குழிக்குள் சரியாக விழுந்திருக்கிறதா, அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்து மாறுகண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடிய மாடலில் விளக்குகள் தனிப் பிளாஸ்டிக் துண்டாகப் பொருத்தியிருக்கும். சாய்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும்.

முன் விளக்குக்கும் இதே சோதனைதான். மெயின்லைன் கார் அடிப்படையில் நாலே பாகம்: உடல், கண்ணாடி, உள் இருக்கைகள், அடித்தட்டு. சக்கர அச்சுகளை உள்ளே வைத்து, அடியில் ஆணி அடித்த மாதிரி ரிவெட்டால் இறுக்கிவிடுவார்கள். இந்தக் கட்டமைப்பை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், 180 ரூபாய்க்குச் செய்த வேலையின் கெட்டிக்காரத்தனம் புரியும். சில அச்சு வடிவங்களில் முன் விளக்கையும் கண்ணாடித் துண்டின் நீட்சியாகவே செய்திருப்பார்கள். கூடுதல் பாகம் இல்லாமலே விளக்கு மின்னும். நான் சில மெயின்லைன் கார்களை இதற்காகவே வைத்திருக்கிறேன்.

பெயின்ட்டில் தூசி முடிச்சு, விரல் ரேகை, ஓரங்களில் பெயின்ட் மெலிந்து உலோகம் எட்டிப் பார்ப்பது, இவையெல்லாம் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினால் தெரியும். கடை டியூப்லைட்டின் பிம்பம் கூரையில் நேர்க்கோடாக ஓடினால் நல்ல பெயின்ட். நெளிந்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமான பெயின்ட்.

கடைசியாகத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். அங்கே இருக்கும் வருஷத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஹாட் வீல்ஸ் அடியில் பதிந்திருப்பது அந்த வடிவத்தின் காப்புரிமை வருஷம். கார் அந்த வருஷம் தயாரானது என்று அர்த்தமில்லை. பழைய அச்சிலிருந்து போன மாதம் வந்த கார்கூடப் பழைய வருஷத்தையே காட்டும். "1980கள் மாடல் சார், அபூர்வம்" என்று ஒருவர் என்னிடம் எண்ணூறு ரூபாய் கேட்டார். அதே கார் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பந்தயக் கார் வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளால் பழைய ஃபார்முலா ஒன் மாடல்கள் பலவற்றில் சிகரெட் கம்பெனிப் பெயர் இருக்காது. அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது சும்மா கோடுகள் இருக்கும். பெட்டியிலிருந்து அப்படித்தான் வருகிறது. அதனால் போலி என்று நினைக்க வேண்டாம். பிறகு தனியாக ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒட்டிய காரை வாங்கும்போது யார் ஒட்டியது, கோணலா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 6: அபூர்வம் என்ற வார்த்தை கேட்டால் பர்ஸை மூடுங்கள்

ஹாட் வீல்ஸில் டிரெஷர் ஹன்ட் என்று ஒரு வரிசை 1995ல் தொடங்கியது. அந்த முதல் வருஷம் 12 கார், ஒவ்வொன்றும் பத்தாயிரம் மட்டும். 2007 முதல் சூப்பர் என்று மேல்நிலை ஒன்றும் சேர்ந்தது. மற்ற கார்களோடு கலந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் கடைக்கு வரும். சாதாரண டிரெஷர் ஹன்ட்டுக்குக் காரின் மேல் வட்டத்துக்குள் தீச்சுடர் குறி இருக்கும். அட்டையில் காருக்குப் பின்னால் அதே குறி வெள்ளி நிறத்தில் மறைந்திருக்கும். சூப்பருக்குக் காரில் டிஎச் என்ற ஆங்கில எழுத்துகள், ரப்பர் டயர், மினுமினுக்கும் பெயின்ட், அட்டையில் தங்க நிறக் குறி.

சூப்பர் என்றால் கடை விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதனால் போலியும் உண்டு. சாதாரணக் காரைக் கழற்றி ரப்பர் டயர் மாட்டி விற்பது பழைய தந்திரம். அடியில் ரிவெட்டைப் பாருங்கள். டிரில் போட்ட தழும்பு, பசை, ஸ்க்ரூ எது இருந்தாலும் திறந்த கார். பிளிஸ்டரின் ஓரத்தில் அட்டை நார் கிளம்பியிருக்கிறதா, பசை மங்கலாக வழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேறு காரை உள்ளே வைத்து மறுபடி ஒட்டியிருக்கலாம்.

பெட்டியில் "லிமிடெட் எடிஷன்" என்று அச்சடித்துவிட்டால் அபூர்வமாகிவிடாது. உண்மையான அபூர்வம் பெரும்பாலும் தற்செயலாக நடப்பது. 1969ல் ஹாட் வீல்ஸ் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன் செய்து பார்த்தது. பின் கண்ணாடி வழியாக சர்ஃப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும் வேன். அகலம் குறைவாக இருந்ததால் டிராக்கில் காரைத் தள்ளிவிடும் இயந்திரத்தில் அது சரியாக ஓடவில்லை. பலகையைப் பக்கவாட்டுக்கு மாற்றி, வேனை அகலமாக்கித்தான் கடைக்கு அனுப்பினார்கள். சோதனைக்குச் செய்த அந்த முதல் வடிவம் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதற்கு இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிப்பு சொல்கிறார்கள். நமக்கு அது கிடைக்கப்போவதில்லை. ஆனால் தங்க எழுத்தில் எண் போட்ட அட்டைப் பெட்டியைக் காட்டி யாராவது இரட்டை விலை கேட்டால் அந்த வேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: எங்கே வாங்குவது

முதல் காரை நேரில் பார்த்து வாங்குங்கள். படி 5ஐ ஃபோட்டோவில் செய்ய முடியாது. பெரிய பொம்மைக் கடை, சூப்பர் மார்க்கெட், மாலில் இருக்கும் கடை, எதுவானாலும் சரி. சரக்கு என்றைக்கு இறங்கும் என்று கடைப் பையனிடம் நட்பாகக் கேட்டு வைத்தால் சொல்வார். ஆணியில் தொங்கும் கார்களைக் கலைத்துப் பார்த்தால் திரும்ப அடுக்கிவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் சிலர் செய்யும் அட்டகாசத்தால் சில கடைகளில் இப்போது தொடவே விடுவதில்லை.

சேகரிப்பாளர் குழுக்களில், தனி ஆளிடம் வாங்குவது என்றால், இன்றைய தேதியை எழுதிய துண்டுச் சீட்டைக் காருக்குப் பக்கத்தில் வைத்து ஃபோட்டோ கேளுங்கள். நாலு பக்கம், கூரை, அடித்தட்டு. நேர்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரப்போகும் காருக்கு ப்ரீ-ஆர்டர் எடுப்பவர்களிடம் ஜாக்கிரதை. நான் அப்படி ஒருவருக்கு அனுப்பிய 2,400 ரூபாய் திரும்பி வரவில்லை. அவருடைய நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்க ஆசைப்பட்டால், கார் விலையோடு தபால் செலவையும் சேர்த்து அதன் மேல்தான் வரி போடுவார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் சுங்கத்தில் பார்சல் மாட்டிக்கொள்வதும் உண்டு. முதல் காருக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

படி 8: திறங்கள், வையுங்கள்

அட்டையோடு வைப்பதா, பிரிப்பதா என்று ஒரு பெரிய சண்டையே நடக்கிறது. அட்டையோடு இருந்தால் மறுவிற்பனை மதிப்பு கூடும், உண்மைதான். ஆனாலும் முதல் காரைப் பிரித்துவிடுங்கள். ஜமக்கின் குளிர்ச்சி உள்ளங்கையில் பட வேண்டாமா? அட்டையை மட்டும் கிழிக்காமல், பிளிஸ்டரின் ஓரத்தை பிளேடால் கீறி எடுத்து, அட்டையை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வாங்கிய தேதி, கடை, விலை மூன்றையும் அதன் பின்னால் பென்சிலில் எழுதிவிடுங்கள்.

வைக்கும் இடத்துக்கு நேர் வெயில் வரக்கூடாது. சிவப்பு பெயின்ட் வெளுக்கும், பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி நல்லது. கடற்கரை ஊர்க்காரர்கள் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, நிறம் மாறினால் வேறு பொட்டலம் மாற்றுங்கள். தூசிக்கு மிருதுவான மேக்கப் பிரஷ் போதும். தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பெயின்ட் பக்கம் வரக்கூடாது.

பெரிய அளவு மாடல்களில் டயர் விஷயம் ஒன்று இருக்கிறது. மிருதுவான டயரிலிருந்து மெல்லக் கசியும் எண்ணெய் மாதிரியான ரசாயனம், அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் மேடையை உருக்கி ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் டயரின் சதை மேடையிலேயே தங்கிவிடும். மேடையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்திய மாடல் என்றால், சக்கரம் தொடாமல் ஒரு இழை தூக்கி நிற்கிற மாதிரி அடியில் சின்னத் துண்டு கொடுங்கள். சும்மா நிற்கும் கார் என்றால் மாதம் ஒரு முறை கொஞ்சம் உருட்டி வைத்தால் போதும்.

சரி, என் 1:18க்கு வருவோம். தொழிற்சாலையில் காரைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை நான் எடுக்கவே இல்லை. புதுசு கெடாமல் இருக்கும் என்று நினைத்தேன். காற்றிலிருந்த ஈரம் தாளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் சிக்கி, இரண்டு மழைக்காலம் அங்கேயே உட்கார்ந்து, பெயின்ட்டைப் பொரிய வைத்துவிட்டது. மூடிய பெட்டியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தாளை எடுத்துவிட்டு, பெயின்ட்டைத் தொடும் இடங்களில் டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பொரிந்த பெயின்ட்டுக்கு வைத்தியம் முழுதாகச் சுரண்டி மறுபடி அடிப்பதுதான். நான் செய்யவில்லை. கூரை தெரியாத மாதிரி தலைக்கு மேல் இருக்கும் தட்டில் இப்போது நிற்கிறது. அதற்காகவே தச்சரைக் கூப்பிட்டு அடித்த தட்டு. காரை விடத் தட்டுக்குத்தான் செலவு அதிகம்.